சொற்போரும் அவையோரும்

தமிழர் சொற்போரில் விருப்பமுடையவர். விருந்துக்கு அழைத்தால் ஒருவேளை வாராதிருப்பர். விவாதத்துக்கு அழைத்தால் வாராதிரார். இவ்விருப்பம் நேற்று இன்று தோன்றியதன்று. பட்டிமண்டபம் என்னும் சொல்லை மணிமேகலையிலேயே காண்கின்றோம். குண்டலகேசி நாவற்கிளையை நட்டு வாதுக்கு அறைகூவிய கதையும், நீலகேசி பிற சமயத்தாரை நாடிச் சென்று வாதிட்ட கதையும் நம் இலக்கியத்துக்குப் பழையன. வள்ளுவரோ, பேசுவோன் அவையை அறிய வேண்டியதற்கு ஓர் அதிகாரமும், அவைக்கு அஞ்சாதிருக்க வேண்டியதற்கு ஓர் அதிகாரமும் வகுத்தார்.

தமிழ் முஸ்லிம்களின் இலக்கியமும் இதற்கு விலக்கன்று. இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது ஆயிர மசலா. 1572இல் மதுரையில் அரங்கேறிய அந்நூல் வினாவும் விடையுமாகவே அமைந்தது. நூறு மசலாவும் அவ்வாறே. கிழக்குக் கரையின் முஸ்லிம் ஊர்களில், முன்னோர் வீட்டு முற்றங்களில் விளக்கை வைத்துக்கொண்டு இவற்றைப் படிக்கவும் கேட்கவும் செய்தனர். வினா எழுந்ததும் கேட்போர் மூச்சடக்கியிருப்பர். விடை வந்ததும் தலையசைப்பர்.

ஆயினும் இப்பழைய நூல்களின் வாதங்களுக்கு ஓர் இயல்பு உண்டு. இரு தரப்பையும் எழுதுபவர் ஒருவரே. நீலகேசியில் தோற்பவர், தோற்பதற்காகவே படைக்கப்பட்டவர். மசலாவில் வினாவுவோர், விடை கண்டு அடங்குவதற்காகவே வினாவுகின்றனர். வென்றவர் யார் என்பது நூலாசிரியரின் உள்ளத்தில் முன்னரே முடிவாகிவிட்டது. கேட்போருக்குத் தீர்ப்பளிக்கும் சுமை இல்லை. மகிழும் உரிமை மட்டுமே உண்டு.

இரண்டு உண்மையான மனிதர் எதிரெதிரே அமர்ந்து, தத்தம் கட்சியைத் தாமே பேசி, எந்த நடுவரும் தீர்ப்பு வழங்காமல் எழுந்து போகும் வாதம் வேறு வகையானது. அங்கே தீர்ப்பு அவையோரின் கையில் விழுகின்றது. அந்த அவை ஒரு மண்டபத்தில் அடங்காது நாடெங்கும் வீடுகளில் பரந்திருக்குமானால், அது எவ்வாறு தீர்ப்பளிக்கும்? இவ்வினாவை வெறும் கற்பனையாக எழுப்பவில்லை. அம்பாறைக் கரையோர மக்கள் இதனைத் தம் வாழ்வில் ஒருமுறை கண்டறிந்திருக்கின்றனர்.

1999ஆம் ஆண்டின் வாதம்

இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் வந்தது. 1982இல் ரூபவாஹினி எழுந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தனியார் நிலையங்கள் தோன்றின. அவற்றுள் ஒன்றான ரி.என்.எல். நிலையத்தில், 1999ஆம் ஆண்டில், வண. கங்கொடவில சோம தேரரும் அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களும் சிங்கள மொழியில் நேருக்கு நேர் வாதிட்டனர். கிழக்கிலுள்ள பௌத்தத் தொல்லிடங்களுக்கு, அவற்றுள்ளும் தீகவாபிக்கு, முஸ்லிம்களாலும் அவர்தம் தலைவராலும் கேடு விளைகின்றது என்ற குற்றச்சாட்டே அவ்வாதத்தின் கரு.

வாதிட்ட இருவரும் சாமானியர் அல்லர். இருவரும் 1948இல், நாடு சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில் பிறந்தவர்கள். சோம தேரர் அவுஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் சமயப்பணி செய்து நாடு திரும்பியவர். மதுவையும் மூடநம்பிக்கையையும் கடிந்து, அரசியல்வாதிகளையும் விட்டுவைக்காது, எளிய சிங்களத்தில் அவர் ஆற்றிய தொலைக்காட்சிப் போதனைகள் அவருக்குப் பெருந்திரளான இரசிகர்களைச் சேர்த்திருந்தன. சிங்கள பௌத்தர் தம் நாட்டிலேயே தேய்ந்து வருகின்றனர் என்ற கவலை அவருடைய பேச்சின் அடிநாதமாக இருந்தது.

அஷ்ரப் சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்தவர், சட்டத்தரணி, ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸைத் தோற்றுவித்தவர், 1994 முதல் அமைச்சர். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அமைய முன்னின்றவர். கவிஞரும் ஆவார். ‘நான் எனும் நீ’ என்ற அவருடைய கவிதைத் தொகுதி அந்த 1999இலேயே வெளிவந்தது. ஒருவர் காவி உடையின் கண்ணியத்தோடும் மற்றவர் நீதிமன்றப் பழக்கத்தோடும் அந்த மேசைக்கு வந்தனர். இருவருக்கும் மொழி ஒரு கருவி. இருவருக்கும் பின்னால் ஒரு சமூகத்தின் அச்சம் இருந்தது.

அச்சம் என்ற சொல்லை ஆராய்ந்தே ஆளுகின்றேன். அது போர்க்காலம். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் சிந்திய இரத்தத்தின் நினைவு கிழக்கு முஸ்லிம்களின் நெஞ்சில் ஆறாதிருந்தது. தமிழ் ஆயுதத்துக்கும் சிங்களப் பெரும்பான்மைக்கும் நடுவே தம் நிலம் எஞ்சுமா என்ற ஏக்கம் வயற்காரனையும் வணிகனையும் ஒருங்கே வாட்டியது. மறுபுறம், தொன்மையான தம் புனித இடங்கள் தம் கண்முன்னே மறைகின்றன என்று சிங்கள பௌத்தர் பலர் மனதார நம்பினர். இந்த இரண்டு அச்சங்களே அன்று திரையில் பேசின.

கண்ணால் கேட்ட வாதம்

எங்கள் கரையோரத்தில் அவ்வாதத்தைக் கண்டவர்களை நான் மூவகையாகப் பிரிப்பேன். சிங்களம் நன்கறிந்தோர் முதல் வகை. இவர்கள் சிலரே: அரச அலுவலர், சிங்கள ஊர்களில் கடை வைத்திருந்தோர், மருதமுனைக் கைத்தறிச் சேலைகளைச் சுமந்து தெற்கே சென்று விற்றோர். கொஞ்சம் அறிந்தோர் இரண்டாம் வகை. ஒரு சொல்லும் அறியாதோர் மூன்றாம் வகை. இவர்களே மிகப் பலர். ஒவ்வொரு கூடத்திலும் முதல் வகையினர் ஒருவர் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்திருப்பார். “என்ன காக்கா சொல்றாரு?” என்று கேட்டுக் கேட்டே மற்றவர் அவ்வாதத்தைத் தொடர்ந்தனர்.

இதிலே நான் கவனித்த புதுமை ஒன்றுண்டு. தீர்ப்பு முதலில் எழுந்தது மூன்றாம் வகையினரிடமிருந்தே. “நம்மட ஆள் வெண்டுட்டார்” என்ற முழக்கம், மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்குமுன்பே கூடத்தின் பின்வரிசையில் எழுந்துவிட்டது. சொல் விளங்காதவருக்கு முகம் விளங்கிற்று. தடுமாறாத குரல் விளங்கிற்று. எதிரே இருப்பவர் சற்று மௌனமானால் அந்த மௌனம் விளங்கிற்று. மொழி அறிந்தவரோ கொஞ்சம் தயங்கினார். ‘அந்த இடத்தில் தேரர் கேட்டதற்கு நேரான விடை வந்ததா?’ என்று அவர் உள்ளத்தில் ஒரு கணக்கு ஓடிற்று. ஆனால் அதைச் சொல்ல அந்தக் கூடம் இடந்தரவில்லை.

பின்வரிசையின் மகிழ்ச்சியை நான் இழிவாகக் கருதவில்லை. அதற்கு நியாயம் உண்டு. நாடே மதித்த ஒரு தேரருக்கு எதிரே, கரையோரச் சிற்றூரில் பிறந்த ஒரு தமிழ் பேசும் முஸ்லிம் சமமான ஆசனத்தில் அமர்ந்தார். அவருடைய மொழியிலேயே, அவர் கேட்டவற்றுக்கு விடை கூறினார். அந்தக் காட்சியே பலருக்கு ஒரு விடை. நெடுங்காலமாகத் தம்மைப் பற்றிப் பிறர் பேசக் கேட்டே பழகியவர்கள், தமக்காக ஒருவர் பேசுவதைக் கண்டனர். அதிலே பிறந்த பெருமிதம் பொய்யன்று. ஆனால் பெருமிதம் ஒன்று, தீர்ப்பு வேறொன்று. இரண்டையும் ஒன்றெனக் கொண்டதே அன்றைய அவையின் குறை.

சில காலம் கழித்து, அம்பாறை நகரில் நடைபெற்ற ஆசிரியர் பயிற்சி ஒன்றில் ஒரு சிங்கள ஆசிரியரோடு பேச வாய்த்தது. நல்லவர்; படித்தவர். அவ்வாதத்தில் வென்றவர் சோம தேரரே என்பதில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை. தேரர் கூறியவற்றை ஒழுங்காகச் சொன்னார். அமைச்சர் என்ன கூறினார் என்று கேட்டேன். “ஏதோ கெட்டித்தனமாகப் பேசினார்” என்பதற்கு மேல் அவருக்கு நினைவில்லை. ஊர் திரும்பியபின் எங்கள் நண்பர் சிலரிடம் அதே வினாவைத் திருப்பிக் கேட்டேன். அஷ்ரபின் விடைகளை அவர்கள் மணியாக ஒப்புவித்தனர். தேரரின் வினாக்கள் அவர்களுக்கு நினைவில்லை! ஒரே வாதம், ஒரே இரவு, ஆயினும் அம்பாறையில் ஒளிபரப்பானது ஒன்று, கல்முனையில் ஒளிபரப்பானது மற்றொன்று என்று எண்ணத் தோன்றிற்று.

கொம்புமுறியும் காற்பந்தும்

மட்டக்களப்புத் தென்பகுதித் தமிழூர்களில் கொம்புமுறி என்றொரு பழைய விளையாட்டு உண்டு. கண்ணகி வழிபாட்டோடு இணைந்தது. ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று பூட்டி, இரு சேரியாரும் வடம் பற்றி இழுப்பர். எந்தக் கொம்பு முறிகின்றதோ அந்தச் சேரி தோற்றது. வென்றோர் ஊர்வலம் வருவர். தோற்றோரை எள்ளிப் பாட்டுக் கட்டுவர். இதிலே எவரும் கொம்பின் உறுதியை ஆராய்ந்து சேரியைத் தெரிவு செய்வதில்லை. சேரி முதலில், கொம்பு பின்னர். தொலைக்காட்சி வாதத்தைக் காணும் அவையும் பெரும்பாலும் இப்படியே கூடுகின்றது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய பழக்கமன்று. 1951இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மத் என்னும் இரு கல்லூரிகளிடையே காற்பந்தாட்டம் ஒன்று முரட்டுத்தனமாக நடந்தது. பின்னர் அல்பர்ட் ஹாஸ்டோர்ஃப், ஹாட்லி கன்ட்ரில் என்ற உளவியலறிஞர் இருவர் அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரு கல்லூரி மாணவருக்கும் காட்டி, காணும் விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்தனவாக அக்கல்லூரி மாணவர் எண்ணிய மீறல்களைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் பிரின்ஸ்டன் மாணவர் எண்ணினர். படச்சுருள் ஒன்றே. 1954இல் வெளியான அவ்வாய்வின் முடிவு கூர்மையானது: எல்லோரும் ஓர் ஆட்டத்தைக் கண்டு வெவ்வேறு கருத்துக் கொண்டார்கள் என்பதன்று, அவர்கள் கண்டதே வெவ்வேறு ஆட்டம்.

திரையின் ஆற்றலையும் இங்கே கருத வேண்டும். 1960 செப்டெம்பர் 26ஆந் திகதி கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் வாதிட்டனர். வானொலியில் கேட்டோர் நிக்சன் வென்றார் என்றனர், திரையில் கண்டோர் கென்னடி வென்றார் என்றனர் என்பது உலகறிந்த கதை. அக்காலத்து ஆதாரம் அக்கதையின் புகழுக்கு ஈடானதன்று. ஆயினும் 2003இல் ஜேம்ஸ் ட்ரக்மன் என்ற அறிஞர், அவ்வாதத்தை முன்னர் அறியாத இளைஞரைக் கொண்டு அதனைச் சோதித்தார். ஒலியை மட்டும் கேட்டவரைவிட, படத்தோடு கண்டவரே கென்னடியின் பக்கம் மிகுதியாகச் சாய்ந்தனர். கண்டவர்கள் மனிதரின் ஆளுமைப் பண்புகளுக்குக் கூடுதல் எடை கொடுத்தனர். மொழி அறியாத எங்கள் பின்வரிசையாரும், மொழி அறிந்த அந்த அமெரிக்க இளைஞரும் இவ்வகையில் உறவினரே.

தொலைக்காட்சி நிலையத்தாருக்கோ இவ்வியல்பு ஒரு முதலீடு. 1968இல் அமெரிக்க ஏ.பி.சி. நிலையம், கட்சி மாநாடுகளை ஒட்டி வில்லியம் பக்லி, கோர் விடால் என்ற இரண்டு எழுத்தாளரை மோதவிட்டது. இருவரும் பெரும் படிப்பாளிகள். பத்து வாதங்கள் நடந்தன. இன்று அவற்றுள் உலகம் நினைவில் வைத்திருப்பது ஓர் இரவில் அவ்விருவரும் ஒருவரையொருவர் வசைபாடிய சில விநாடிகளையே. வசை கண்ணில் தைத்தது. வாதம் காற்றில் போயிற்று.

தமிழ்த் திரைக்கும் இப்பாடம் தெரியும். பெருநாள், பொங்கல் காலங்களில் சாலமன் பாப்பையாவின் பட்டிமன்றத்தைக் கல்முனை வீடுகளும் கண்டு சிரித்தன. 2006இல் தொடங்கிய ‘நீயா நானா’ அரங்கையே இரு பிளவாக்கி அமர்த்தியது. பட்டிமன்றத்தில் ஒரு நன்மை உண்டு: கட்சி பேசுவோர் பங்கிட்டுக் கொடுத்த பக்கத்தைப் பேசுகின்றனர், நடுவர் ஒருவர் இருக்கின்றார், எவர் தோற்றாலும் எவரது காணியும் பறிபோவதில்லை. அங்கே பழகிய கைதட்டலை, காணியும் உயிரும் பற்றிய வாதத்துக்கும் நாம் எடுத்துச் சென்றுவிடுகின்றோம். இடர் அங்கேதான் பிறக்கின்றது.

மேசைக்கு வராத சாட்சிகள்

தீகவாபி, ஒலுவில், அட்டாளைச்சேனைக் கரையோரத்துக்கு மேற்கே உள்நாட்டில் உள்ளது. புத்தர் பெருமான் அவ்விடத்துக்கு எழுந்தருளியதாக மகாவம்சம் கூறும். சத்தாதிஸ்ஸ மன்னன் அங்கே தாதுகோபம் எழுப்பினான். பௌத்தர் போற்றும் பதினாறு திருத்தலங்களுள் அதுவும் ஒன்று. அதன் தொன்மையை மறுக்கும் முஸ்லிம் அறிஞர் எவரையும் நான் கண்டதில்லை. அதனைச் சூழ்ந்த வயல்களில் தலைமுறை தலைமுறையாக உழுது வந்த முஸ்லிம் விவசாயிகளும் இருக்கின்றனர். இதுவும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளும் ஒன்றையொன்று கொல்ல வேண்டிய நியதி இல்லை.

சிக்கல் எங்கேயெனின், எல்லைக் கோட்டிலே. புனித பூமி எங்கே முடிகின்றது, உழுவோனின் பூமி எங்கே தொடங்குகின்றது? இதற்கு விடை கூற வேண்டியவை நில அளவைப் படங்கள், உறுதிகள், வர்த்தமானிகள், தொல்லியல் பதிவுகள். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் அதன் குடியேற்றமும், 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை மாவட்டம் அமைத்ததும் இக்கணக்கில் சேர வேண்டியவை. இவற்றுள் எதுவும் தொலைக்காட்சியில் அழகாகத் தோன்றாது. ஒரு வரைபடத்தை விரித்து ஒரு மணி நேரம் விளக்கினால் காண்போர் நிலையத்தை மாற்றிவிடுவர். அதனால் திரைக்கு மனிதர் வருகின்றனர். சாட்சிகள் வீட்டிலேயே இருந்துவிடுகின்றன.

வாதம் முடிந்தது. இரு ஊர்களிலும் வெற்றி கொண்டாடினர். வழக்கு முடியவில்லை. 2000 செப்டெம்பர் 16ஆந் திகதி ஹெலிகொப்டர் விபத்தில் அஷ்ரப் மறைந்தார். 2003 டிசெம்பரில் சோம தேரர் ரஷ்ய நாட்டில் காலமானார். அடுத்த ஆண்டுப் பொதுத் தேர்தலில் பிக்குமாரை வேட்பாளராக நிறுத்திய ஜாதிக ஹெல உறுமய ஒன்பது ஆசனங்களைப் பெற்றது. தேரரின் மறைவு கிளர்த்திய உணர்ச்சிக்கும் அவ்வெற்றிக்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர் பலர் எடுத்துக் காட்டியுள்ளனர்.

அதே 2004 டிசெம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கி எங்கள் கரையை அழித்தது. வீடிழந்த முஸ்லிம் குடும்பங்களுக்கென அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியோடு 500 வீடுகள் எழுந்தன. அது தீகவாபியைச் சார்ந்த பகுதி என்ற ஆட்சேபம் எழுந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 2009இல் அந்த ஒதுக்கீட்டை நீதிமன்றம் தடுத்தது. கூரையிட்ட வீடுகள் ஆளின்றிப் பல்லாண்டு கிடந்து, அவற்றின் முற்றங்களில் காடு வளர்ந்தது. 1999இல் கைதட்டிய இரு அவையினரும், எல்லைக்கோடு எங்கே என்று தத்தம் தலைவரை அன்றே வற்புறுத்திக் கேட்டிருந்தால், பத்தாண்டு கழித்து நீதிமன்றத்தில் நிற்க வேண்டி வந்திருக்குமா? உறுதியாகக் கூற இயலாது. ஆனால் கேட்கவில்லை என்பது உறுதி. வென்றுவிட்டோம் என்று நினைப்பவன் வேறு எதைக் கேட்பான்?

வாதத்தால் பயனே இல்லையா?

அவ்வாறு கூறுவதும் பொருந்தாது. 1873 ஓகஸ்ட் 26, 28ஆந் திகதிகளில் பாணந்துறையில் மீகெட்டுவத்தே குணானந்த தேரரும் கிறித்தவப் போதகரான டேவிட் டி சில்வாவின் தரப்பினரும் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் வாதிட்டனர். அன்று எழுந்த ‘சாது’ முழக்கம் அன்றோடு அடங்கிற்று. ஆனால் அவ்வாதம் ஆங்கிலத்தில் நூலாயிற்று. அமெரிக்காவில் அதனைப் படித்த கேணல் ஒல்கொட் 1880இல் இலங்கைக்கு வந்தார். பௌத்தக் கல்வியின் மறுமலர்ச்சிக்கு அவர் வரவு வழிவகுத்தது. வரலாற்றை அசைத்தது மேடையின் முழக்கமன்று, அச்சேறிய ஏடு.

தமிழகத்திலும் இதற்கொரு சான்று உண்டு. கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டுமா என்ற வினாவின்மீது, 1943 பெப்ரவரியில் சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா. பி. சேதுப்பிள்ளையும் சி. என். அண்ணாதுரையும் வாதிட்டனர். மறுமாதம் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடு அண்ணாதுரை மோதினார். அவை ‘தீ பரவட்டும்’ என்ற நூலாகின. கம்பன் எரியவுமில்லை; அண்ணாதுரையின் இயக்கம் அணையவுமில்லை. இன்று அந்நூலைப் புரட்டும் மாணவன், கைதட்டல் ஓய்ந்த அமைதியில், எந்த வாதம் எதனை நிறுவிற்று என்று நிறுத்துப் பார்க்க முடிகின்றது. எழுத்து, வாதத்தை மறுமுறை கேட்கும் வாய்ப்பை அளிக்கின்றது. 1999இன் தொலைக்காட்சி வாதத்துக்கும் அத்தகைய ஓர் ஏடு, மும்மொழியிலும், குறிப்புகளோடு வேண்டும். பதிவுகள் இணையத்தில் உலவுகின்றன; ஆனால் அவற்றையும் துண்டு துண்டாக வெட்டி, தத்தம் வீரர் வெல்லும் இடத்தையே இரு சாராரும் பரப்புகின்றனர்.

நடுவு நிற்கும் கல்வி

இவ்விடத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பாடசாலைகளில் விவாதப் போட்டிகள் நடத்துகின்றோம். பேசுவோரைப் பயிற்றுகின்றோம், கேட்போரைப் பயிற்றுவதில்லை. வெள்ளிக்கிண்ணம் பேச்சாளனுக்கு, கேட்ட மாணவனுக்குக் கைதட்டும் வேலை மட்டுமே. இதனை மாற்ற நெடிய திட்டமெதுவும் தேவையில்லை. விவாதம் முடிந்தவுடன், கேட்ட மாணவர் ஒவ்வொருவரும் தாம் எதிர்க்கும் கட்சியின் மிக வலிய வாதத்தை நான்கு வரியில் எழுதட்டும். அக்கட்சிப் பேச்சாளர் அதனைப் படித்து, “ஆம், நான் கூறியது இதுவே” என்று ஒப்பினாலன்றி மதிப்பெண் இல்லை என வைப்போம். வென்றவர் யார் என்ற வினா அதற்குப் பின்னர் வரட்டும்.

இது மேனாட்டிலிருந்து கடன் வாங்கிய முறையன்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை இயற்றியபோது, பிறர் கொள்கைகளை எடுத்துரைக்கும் பரபக்கத்தை முன்வைத்து, தம் கொள்கையைச் சுபக்கமாகப் பின்வைத்தார். மறுப்பதற்கு முன் எடுத்துரைத்தல் என்பது நம் தருக்க மரபின் அறம்.

இஸ்லாமிய அறிவு மரபில் இமாம் கஸ்ஸாலியின் எடுத்துக்காட்டு இன்னும் வியப்பானது. தத்துவவாதிகளை மறுக்கக் கருதிய அவர், முதலில் அவர்களுடைய கொள்கைகளை மட்டும் விளக்கி ஒரு தனி நூல் எழுதினார். அந்நூல் லத்தீன் மொழிக்குச் சென்றபோது, அதன் முன்னுரை பலருக்குக் கிட்டாமையால், ஐரோப்பியர் கஸ்ஸாலியையே அத்தத்துவவாதிகளுள் ஒருவராகக் கருதிவிட்டனர்! எதிரியின் கருத்தை அத்துணை நேர்மையாக எடுத்துரைத்தார் அப்பெரியார். பிறகே, 1095 அளவில், தம் மறுப்பு நூலை முடித்தார். அதற்கு மறுப்பாக இப்னு ருஷ்து எழுதிய நூல் தோன்ற ஏறக்குறைய 85 ஆண்டுகள் ஆயின. ஒரு வாதத்துக்கு விடை 85 ஆண்டு கழித்து வந்தது. அதற்குள் எவரும் வெற்றி முழக்கமிட்டு ஊர்வலம் போகவில்லை.

அம்பாறை மாவட்டத்தில் மூன்று சமூகங்கள் ஒரே வாய்க்காலின் நீரைப் பங்கிட்டு உழுகின்றன. மேல்மடையில் ஒருவன் பலகையை இறக்கினால் கீழ்வயலில் மற்றவன் பயிர் வாடும். இத்தகைய நிலத்தில், அயலவன் என்ன கேட்கின்றான் என்பதைச் சரியாகக் காதில் வாங்காத அவை, வாதத்தில் எத்தனை முறை வென்றாலும் வாழ்வில் தோற்கும். காரைதீவில் பிறந்து தமிழுக்கு முதற் பேராசிரியராக உயர்ந்த விபுலாநந்த அடிகளும், கல்முனைக்குடியில் பிறந்து மொழியியலிலும் திறனாய்விலும் பெயர் நாட்டிய பேராசிரியர் எம். ஏ. நுஃமானும் இம்மண்ணின் மக்கள். எதிர்க்கருத்தை அதன் உரியவன் ஏற்கும் வண்ணம் எடுத்துரைத்துவிட்டுப் பின்னர் மறுக்கும் ஆற்றல் இக்கரைக்குப் புதிதாக வந்து சேர வேண்டிய ஒன்றன்று.

தொலைக்காட்சிப் பெட்டியின் இடத்தை இன்று கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டது. கூடத்தில் பலராய்க் கூடிக் கண்டது போய், ஒவ்வொருவரும் தனித்தனியே, தமக்கு உவப்பான துண்டை மட்டும் காணும் காலம் வந்துவிட்டது. முன்பாவது, மொழி அறிந்த ஒரு காக்கா கூடத்தில் இருந்தார். அவருடைய தயக்கத்தையேனும் நாம் கண்டோம். இனி அந்தத் தயக்கத்தை ஒவ்வொருவரும் தம்முள்ளே வளர்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த வாதம் எப்பொழுதும் வரலாம். பேசுவதற்கு ஆட்கள் எப்பொழுதும் கிடைப்பர். நிறுத்துக் கேட்பதற்கு ஒரு வகுப்பு மாணவரையாவது இவ்வாண்டில் ஆயத்தம் செய்வோமானால், எல்லைக்கோடு எங்கே என்று கேட்கும் துணிவு அவர்களிடமிருந்து பிறக்கும்.